சட்டைப் பைக்குள் போன மூணாவது தரம்

எடுத்துக்கொண்டு போனது நீருதான். வேறு ஒருத்தரும் இல்லை. பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, கரையைத் திரும்பிக்கூடப் பாராமல் போனீரே, அந்தப் பைக்குள் கிடந்தது உம்முடைய பொருள் இல்லை என்று உமக்குத் தெரியும், கண்டக்டருக்குத் தெரியும், நீர் போட்ட பொத்தானுக்கும் தெரியும்.

இன்னாசியம்மா தினமும் காலையில் வள்ளங்கள் கரையேறும் நேரத்தில், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும் தார்ரோட்டைப் பார்த்து இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோடு பதில் சொல்லவில்லை. ஊரில் யாரும் அவளை ஒரு மாதிரியாகப் பார்க்கவும் இல்லை, ஏனென்றால் அந்த வருஷம் அந்த ஊரில் எல்லாருக்குமே சொல்ல ஆரம்பித்ததை முடிக்க முடியாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்படி ஆகியிருந்தது.

அவள் அந்தக் கரையின் ஏலக்காரி. முதலில் கூடை சுமந்தாள், பிறகு கூடை சுமப்பவர்களுக்குக் கூலி கொடுத்தாள், பிறகு கூடையைத் தொடாமலே கூடைக்குள் கிடப்பதற்கு விலை சொல்லும் இடத்துக்கு வந்து நின்றாள். அந்த இடத்துக்கு வருவதற்குள் ஏமாற்றியவர்கள் எத்தனை பேர், தள்ளிவிட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் ஊரில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். மணலில் பலகைபோல இறுகிப்போன ஓர் இடம் உண்டு, ஏலத்திட்டு என்பார்கள், அதில் அவள் ஏறி நின்று இடுப்பில் கை வைத்தால் மீனைத் தவிர எல்லாம் அடங்கும். விலை ஏறும், ஏறி ஏறி ஓர் இடத்தில் மூச்சு முட்டி நிற்கும், அப்போது அவள் ஒரு தரம் என்பாள், ரெண்டு தரம் என்பாள், அப்புறம் கடலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூணு தரம் என்பாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மீனைப் பற்றிப் பேச பரலோகத்திலிருந்து பேதுருவே வந்தாலும் இடம் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு ஆங்கில இலக்கணம் எதற்கு என்றால், கோபத்துக்கு. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து, ஒரு சீசன் முழுக்க அவள் விற்ற மீனைத் தின்றுவிட்டு, திரும்பிப் போய் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற தொபியாஸ் அதை வாங்கிப் படித்து, படித்ததை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவளிடம் சொல்லிவிட்டார். இந்தக் கரையில் பெண்கள் தொண்டை கிழியக் கத்துகிறார்கள், அந்தக் கூச்சலுக்கு அர்த்தம் கிடையாது, விலை தானாகவே படிந்துவிடுகிறது என்று அதில் எழுதியிருந்தது.

"அர்த்தம் கிடையாதாமா?" என்றாள் இன்னாசியம்மா.

"அப்படித்தான் போட்டிருக்கான்."

"எந்தப் பாஷையில போட்டிருக்கான்?"

"இங்கிலீஷ்ல."

"அப்ப அதுலயேதான் திருப்பிக் குடுக்கணும். தமிழ்ல ஏசினா அவனுக்கு எங்க உறைக்கப் போவுது."

அந்த மாதமே, கோயில் மண்டபத்தின் மாடியில், எழுத்தாளராக விரும்புவோருக்கு ஆங்கில இலக்கணமும் நிறுத்தற்குறிகளும் என்று ஒரு பலகை தொங்கியது. ஒல்லியாக, கழுத்து மட்டும் நீளமாக, ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கிய வாத்தியார் அங்கே கரும்பலகைக்கு முன்னால் நின்றார். தொபியாஸ் முதல் ஆளாகச் சேர்ந்தார், அவருக்கு ஒரு நாவல் எழுத ஆசை, ஆனால் ரெண்டாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் கதாநாயகி செத்துப்போய்விடுகிறாள். இன்னாசியம்மா சேர வந்தபோது முந்தானையைச் செருகிக்கொண்டுதான் வந்தாள், அது பேரத்துக்கு வருகிற கோலம்.

"மொத்தமா எடுத்தா என்ன, பிரிச்சு எடுத்தா என்ன, சொல்லும் சார்."

"இலக்கணத்தைப் பிரிச்சுக் குடுக்கிறதில்லம்மா."

"மீனையே தலை தனியா நடுத்துண்டு தனியா குடுக்கோம். என்னென்ன வச்சிருக்கீரு, காட்டும்."

வாத்தியார் பலகையில் குறிகளை எல்லாம் வரிசையாக எழுதினார். அவள் ஒவ்வொன்றையும் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கமாவைப் பார்த்து, "இது வேணும், மூச்சு வாங்க இடம் இல்லாம ஏலம் கூற முடியாது" என்றாள். மூச்சுக்காகக் கமா போடக் கூடாது, அர்த்தத்துக்காகத்தான் போட வேண்டும் என்று அவர் விளக்கினார். "ஏன், அர்த்தத்துக்கு மூச்சு வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்ததுக்குப் போனாள். கேள்விக்குறி தூண்டில் முள் மாதிரி இருந்ததால் உடனே பிடித்துப்போயிற்று. அரைப்புள்ளியிடம் வந்து நின்றாள்.

"இது நிக்குதா, போவுதா?"

"ரெண்டும்தான்."

"உள்ளயும் வராம வெளியயும் போவாம வாசல்ல நிக்கிற ஆளை நான் வீட்டுக்குள்ள விடுறதில்ல. இதைக் கழிச்சிரும்."

ஆச்சரியக்குறி எதற்கு என்று கேட்டாள். சத்தமாகச் சொல்வதைக் காட்ட என்றார். அவள் அவரையே பார்த்தாள், தொபியாஸ் வாயைப் பொத்திக்கொண்டார், அந்தக் குறியும் கழிந்தது. கடைசியில் பலகையின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் மிச்சம் இருந்தது.

"இம்புட்டுண்டு. இதைக் கொசுறாப் போட்டுரும்."

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இதுதாம்மா எல்லாத்துலயும் கஷ்டம். மத்ததைச் சொல்லிக் குடுத்துரலாம். எங்க நிறுத்தணும்ங்கிறதைச் சொல்லிக் குடுக்க என்னால முடிஞ்சதில்ல."

"சொல்லிக் குடுக்க முடியாததுக்கு விலை எப்படிக் கேப்பீரு? கொசுறுதான்."

அவர் ஒத்துக்கொண்டார். வாராவாரம் மீன் என்று படிந்தது.

இன்னாசியம்மா படித்தாள். தேவையில்லாத வார்த்தையை வெட்டு என்றால் குடலை எடுக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டாள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல் என்றால் ஒரு கூடையில் ஒரு ஜாதி மீன் என்று புரிந்துகொண்டாள். யார் செய்தது என்பதை முன்னால் போடு, செய்யப்பட்டது என்று ஒளிந்துகொள்ளாதே என்றபோது, அது வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லவேண்டிய பாடம் என்று சத்தமாகவே சொன்னாள். வாத்தியாரின் தகரப் பெட்டிக்குள் அவர் எழுதிக்கொண்டிருந்த புத்தகம் இருந்தது என்பதும், அதற்கு முடிவு மட்டும் வராமல் அவர் ஊர் ஊராகப் போய் இலக்கணம் விற்றுக்கொண்டிருந்தார் என்பதும், கடைசிப் பக்கத்தில் அவர் காலையில் வைக்கும் முற்றுப்புள்ளி சாயங்காலத்துக்குள் மங்கிக் காணாமல் போய்விடுகிறது என்பதும் மாடியைக் கூட்டுகிற பிலோமி வழியாக ஊருக்கே தெரிந்திருந்தது. ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சிலருக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளாது.

வகுப்பு முடிந்து அவர் கிளம்புகிற காலையில் கரைக்கு வந்தார். அன்றைக்கு இன்னாசியம்மா கொதித்துக்கொண்டிருந்தாள், கஸ்பாரின் வள்ளத்தில் வந்த சாளை மீனில் பாதி அடிமாட்டு விலைக்குப் போயிருந்தது. வாத்தியார் ஓர் ஊளி மீனை எடுத்து, விலை படிந்து, ஓலைப்பையில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றார்.

"ரெண்டு சாளை கொசுறு போடுங்கம்மா."

"இன்னிக்குக் கொசுறு கிடையாது."

"கடைசிப் பாடத்தை நான் கொசுறாத்தானே சொல்லிக் குடுத்தேன்."

கரையில் சிரிப்புக் கேட்டது. பிலோமி, "மதினி, சார் கணக்கை நேர் பண்ண வந்துட்டாரு" என்றாள். இன்னாசியம்மாவுக்கு ஏறிவிட்டது. ரெண்டு சாளையைத் தூக்கிப் போட்டால் முடிந்திருக்கும், ஆனால் சிரிப்புக்குப் பிறகு கொசுறு போட்டால் அது கொசுறு இல்லை, தோல்வி.

"கொசுறுக்குக் கொசுறு வேணும், அவ்வளவுதான? மீன்ல கை வைக்க விடமாட்டேன். கடைசியா நான் ஒண்ணு சொல்லுவேன்லா, மூணாவது தரம், அதை எடுத்துக்கிட்டுப் போம். அதுக்கு எடையும் இல்ல, நாத்தமும் இல்ல."

வாத்தியார் சிரிக்கவில்லை. சட்டைப் பையை விரலால் விரித்துப் பிடித்தார். அவள் விளையாட்டுக்கு, எல்லாரும் பார்க்க, அந்தப் பைக்குள் குனிந்து ஒரு தரம் என்றாள், ரெண்டு தரம் என்றாள். அவர் பொத்தானைப் போட்டார். பஸ் வந்தது.

அதே வள்ளத்தின் அடுத்த கூடைக்கு இன்னாசியம்மா ஏலம் கூறினாள். விலை ஏறி நின்றது. ஒரு தரம் வந்தது, ரெண்டு தரம் வந்தது, அதற்கு மேல் வாய் திறந்தது, காற்று வந்தது, சொல் வரவில்லை. எல்லாரும் காத்திருந்தார்கள். காத்திருந்த சலிப்பில் ஒரு வியாபாரி விலையை இன்னும் ஏற்றினான், மறுபடி ஒரு தரம், ரெண்டு தரம், மறுபடி காற்று. வெயில் ஏறியது. கஸ்பார் அந்த வள்ளத்தின் சொந்தக்காரர், கரைக் கமிட்டிக்கும் தலைவர், தன் மீனுக்கு ஏறுகிற விலையைப் பார்த்து முதலில் மகிழ்ந்து பிறகு பயந்துபோனார். "போதும்ளா, யாராவது தூக்கிட்டுப் போங்க, அப்புறம் பாத்துக்கிடலாம்" என்றார். அப்படித்தான் அந்த ஊரில் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளப்பட ஆரம்பித்தது.

ஊர் அதற்குப் பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. வாங்கியவன் மீனைக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துத் தின்றுவிட்டு மறுநாள் வந்து, நேற்று மீனில் முள் அதிகம், கொஞ்சம் குறைத்துக்கொள் என்பான், விற்றவன் குழம்பு வாசம் தெரு முழுக்க வந்தது, கொஞ்சம் ஏற்றிக் கொடு என்பான், இப்படி எப்போதோ தின்று தீர்த்த மீனுக்கெல்லாம் விலை இன்னும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. சேவியர் கோயிலில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சுக்குக் கை கொண்டுபோனபோது கயிறு வழுக்கி வழுக்கிப் போயிற்று, சாமியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இப்போதைக்கு இருப்பது இருக்கட்டும் என்று ஆசீர்வதித்தார், அவர்கள் நன்றாகத்தான் குடும்பம் நடத்தினார்கள், சண்டை வந்தால் மட்டும் அவள், இன்னும் கட்டி முடிக்கவில்லை தெரியுமா என்பாள். விருந்துக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி வாசலிலேயே நின்றார்கள், அவர்களுக்கு வாசலிலேயே பாய் போட்டார்கள். பிரசங்கம் நீண்டது, சனங்கள் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்து மிச்சத்தைக் கேட்டார்கள். என்ன விஷயம் என்று யாரைக் கேட்டாலும், ரெண்டில் நிற்கிறது என்று ஒரே பதில்.

தொபியாஸுக்கு அது பொற்காலம். அவருடைய கதாநாயகி முதல் வரியில் ரயில் ஏறினாள், இறங்கவே இல்லை. கமா போட்டுப் போட்டு அவர் எழுதிக்கொண்டே போனார், ரயில் மலை தாண்டியது, கடல் தாண்டியது, அவள் சாகவில்லை. "இதை ஒரு கஷ்டம்னு ஏன் சொல்லுத?" என்று இன்னாசியம்மாவையே கேட்டார். பிலோமிக்கும் குறை இல்லை. "கல்யாணமான நாளா என்கிட்ட பேசாத மனுசன், மதினி, அன்னிக்கு வாயைத் தொறந்தவரு இன்னும் மூடல."

இன்னாசியம்மாவின் புத்தகமோ, வெளிநாட்டுக்காரருக்கு எழுத ஆரம்பித்த பதில், ஒரே வாக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது. ஏலம் எப்படிக் கேட்க வேண்டும், எந்த வியாபாரி காதைத் தொட்டால் என்ன அர்த்தம், எவன் முதுகைச் சொறிந்தால் என்ன அர்த்தம் என்று அவள் ஆங்கிலத்தில் எழுதினாள், நன்றாகவே எழுதினாள், ஆனால் எங்கும் இறக்கிவைக்க முடியாத கூடையாக அது அவள் தலையிலேயே இருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது பிறகு வந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட ஜெயசீலன் ஐஸ் கம்பெனியிலிருந்து வந்தான். தராசு வைக்கிறோம், எடை போடுகிறோம், ஒரே விலை, கூப்பாடு கிடையாது, ஒரு தரம் ரெண்டு தரம் கிடையாது, ஏலத்திட்டை மட்டும் எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றான். அப்புறம் பார்த்துக்கொள்வதில் அலுத்துப்போயிருந்த கமிட்டி தலையை ஆட்டியது. ஆனால் அந்தக் கரையில் எதுவும் மணலில் நின்று கூறித்தான் கைமாற வேண்டும், கரையே ஆனாலும். கஸ்பார் திட்டில் ஏறி, கம்பெனி கேட்ட விலையைச் சொல்லி, ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார். காற்று வந்தது.

அன்றைக்குத்தான் இன்னாசியம்மாவுக்குத் தலை சுற்றியது. தொலைந்த பொருள் திரும்பி வர வேண்டும் என்று அவள் தினமும் வேண்டியிருந்தாள். இப்போது அது திரும்பி வந்தால், கஸ்பார் ரெண்டில் விட்ட ஏலம் முடிந்து, முதலில் போவது அவள் நிற்கிற இடம். வராவிட்டால் அவள் எதையும் விற்க முடியாது, வந்தால் அவளையே விற்றுவிடும். கஸ்பார் வாய்க்கு முந்தி அவள் வாய்க்கு வந்தால் அன்றைய மீனை முடிப்பாள், ஒரு கூடை முடிந்தாலும் அது ஏலம் நடக்கிற கரை, அப்படிப்பட்ட கரையை யாருக்கும் கொடுக்க முடியாது என்பது வழக்கம். ஜெயசீலன் கைக்குப் போனால் கரை முடிந்தது. யார் வாய்க்கு வரும் என்று தெரியாமல் அவள் வேண்டுதலைப் பாதியில் நிறுத்தப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை.

"நான் விக்கவே இல்ல" என்றாள் கஸ்பாரிடம். "ரெண்டு தரம்தான சொன்னேன். மூணு சொல்லாத பொருள் கைமாறினதாக் கணக்கா? நீரே சொல்லும், தலைவரு நீரு."

கஸ்பார் தாடையைத் தடவினார். "மூணு சொல்லல, சரி. ஆனா வித்ததே அந்த மூணைத்தான். அதை எப்படிச் சொல்லி முடிப்ப? நீ விக்கல, அவரு வாங்கல, பொருள் மட்டும் அங்க இருக்கு. எனக்கு மண்டை காயுது, போ."

"கேட்ட ஆளு பின்வாங்கினா?"

"கேட்ட ஆளு கரையில வந்து நின்னு, நாலு பேரு காதுல விழ, விலகிட்டேன்னு சொல்லணும். அப்ப பொருள் கூறினவ கைக்கே வந்துரும். அது உண்டு."

"அது போதும்."

"அவரு எங்க இருக்காரு, என்னன்னு யாருக்குத் தெரியும்?"

தொபியாஸுக்குத் தெரிந்தது. டவுனுக்குப் போனவர் புத்தகக் கடையில் வாத்தியாருடைய புத்தகத்தைப் பார்த்திருந்தார், வாத்தியார் அங்கேயே வீடு எடுத்து இருக்கிறார் என்று கடைக்காரன் சொன்னானாம். முடிவு பிரமாதம் என்று அட்டையிலேயே போட்டிருந்தார்களாம். கடைசிப் பக்கத்தைத் திருப்பினாராம், மிளகளவு கறுப்பாக, ஈரம் காயாமல் ஒரு புள்ளி உட்கார்ந்திருந்ததாம், முகர்ந்து பார்த்தால் ஊளி மீன் வாடை. நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார், வரவில்லை. "நல்லாத்தான் முடிச்சிருக்கான், பாவி" என்றார் தொபியாஸ், கொஞ்சம் பொறாமையோடு.

"நீ போயி அவரைப் பாத்துட்டு வாயேன் மதினி" என்றாள் பிலோமி.

"கரை ஏலத்துல நிக்கயில ஏலக்காரி மணலை விட்டு நகண்டா என்ன வழக்கம்னு உனக்குத் தெரியாதா?"

பிலோமிக்குத் தெரியும். நகர்ந்தால் விட்டுக்கொடுத்ததாக அர்த்தம். அதனால் இன்னாசியம்மா சோற்றையும் திட்டிலேயே தின்றாள், மழைக்கும் அங்கேயே நின்றாள், ஜெயசீலன் காரில் டவுன் பக்கம் போவதையும் பார்த்தாள். வாத்தியாரின் அடுத்த புத்தகத்தைக் கம்பெனி செலவில் அச்சடித்துத் தருகிறேன், அந்தப் பொருளை எனக்குக் கொடும் என்று கேட்கத்தான் அவன் போகிறான் என்று டிரைவரே டீக்கடையில் சொல்லியிருந்தான். கார் மணல்மேட்டைத் திரும்பும்போது தூசி எழுந்தது. அவள் கை இடுப்புக்குப் போயிற்று. கூடைகள் வரிசையாக வந்து இறங்கின, வியாபாரிகள் கூடினார்கள், அவள் அவர்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தே, ஏலம் கூறும் குரலில், கரை முழுக்கக் கேட்கும்படி பேசினாள்.

"இந்தா பாரும். அவன் உம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பான். உம்ம புத்தகம் எத்தனையோ அச்சடிப்பான், எனக்குத் தெரியும், நல்லாவே அடிப்பான். அவன்கிட்ட குடுத்தீருன்னா இங்க நான் நிக்கிற மண்ணு போயிரும். கோவத்துல சொன்னதைப் பொருளா எடுத்துக்கிட்டுப் போனீரு, சரி, எடுத்தீரு, உம்ம கதையும் முடிஞ்சுது, பேரும் வந்துது. அந்தப் பேரை நான் கேக்கல. வச்சுக்கிடும். ஆனா என் வாயில இருந்ததை இன்னொருத்தன் கையில குடுக்க உமக்கு உரிமை கிடையாது. அவன் கார்ல ஏறாதேயும். பஸ்ல வாரும். வந்து இந்த மணல்ல, செருப்பைக் கழட்டிட்டு, நாலு பேரு காதுல விழ நின்னு, விலகிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும். தமிழ்ல சொல்ல நாக்கு கூசுச்சுன்னா உம்ம இங்கிலீஷ்லயே சொல்லும், இப்ப எனக்குப் புரியும். ஆனா வந்து சொல்லும்."